நீரிழிவுப் பாத ஆய்வாளரைப் பயிற்றுவித்தல்: வாசலில் கிடக்கும் செருப்பிலிருந்து தொடங்குங்கள்

நீரிழிவால் வரும் பாதப்புண்ணைத் தடுப்பது பற்றி ஆய்வு செய்ய வரும் இளைஞர்களிடம் முதல் நாளிலேயே ஒரு கணக்கைச் சொல்லிவிடுவது நல்லது. நீரிழிவு உள்ள 100 பேரில் 19 முதல் 34 பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது பாதத்தில் புண் வரும் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. வந்த புண்ணை ஆற்றிவிட்டாலும், ஓராண்டுக்குள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கும் ஐந்து ஆண்டுக்குள் ஏறத்தாழ 65 விழுக்காட்டினருக்கும் அது திரும்ப வருகிறது. ஆகவே தடுப்பு ஆய்வு என்பது பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு புண்ணோடு வந்து, கட்டுப் போட்டு, ஆறி, வீட்டுக்குப் போனவர்களைப் பற்றிய ஆய்வுதான். எங்கள் பிரிவில் குறிப்பேட்டில் "புண் ஆறிவிட்டது" என்று எழுதும் பயிற்சியாளரை (பயிற்சி பெறும் இளம் ஆய்வாளரை) "புண் அடங்கியிருக்கிறது" என்று திருத்தி எழுதச் சொல்வது வழக்கம். மாறுவது ஒரு சொல்தான். ஆனால் அப்படி எழுதப் பழகியவர், அடுத்த வருகைக்கு நாள் குறிக்காமல் நோயாளியை அனுப்பமாட்டார்.

மருத்துவக் கல்லூரியிலோ பாதநோய்ப் பிரிவு உள்ள மருத்துவமனையிலோ நான்கைந்து இளம் ஆய்வாளர்களை ஓராண்டுக்குப் பயிற்றுவிக்கும் பொறுப்பை ஏற்றிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இத்தனை பேருடைய பாதங்களையும் ஒரே அறிவுரைத் தாளைக் கொடுத்துக் காத்துவிட முடியாது என்பதால்தான் தனிநபருக்கேற்ற பராமரிப்பு என்ற பேச்சு வலுத்தது. ஆனால் ஆய்வு முன்மொழிவுகளில் இந்தச் சொல் வந்தவுடன் அழுத்தம் அளக்கும் தகடு, உணரி பதித்த காலுறை, கைப்பேசிச் செயலி என்று கருவிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. கருவிகள் வேண்டும்தான். எனினும் ஒருவருக்கென்று தனியாகப் பராமரிப்பைத் திட்டமிட வேண்டுமானால், அவர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வெறுங்காலோடு நிற்கிறார், எந்தத் தரையில் நிற்கிறார், ஏன் நிற்கிறார் என்பவை முதலில் தெரிந்தாக வேண்டும். நம் வீடுகளில் செருப்பு வாசலோடு நின்றுவிடுகிறது. பயிற்சியை அந்த வாசலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

யாரைச் சேர்ப்பது

மருத்துவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டால் ஆய்வு புண்ணைச் சுற்றியே சுழலும். ஒரு மருத்துவர், கட்டுப் போடுவதில் கை தேர்ந்த ஒரு செவிலியர், ஒரு இயன்முறை மருத்துவர், ஒரு பொறியாளர், சமூகப்பணி படித்த ஒருவர் என்ற கலவை நன்றாக வேலை செய்கிறது. சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதால் காலணித் தொழில்நுட்பம் அறிந்தவர்கள் நமக்குத் தொலைவில் இல்லை. அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். புள்ளியியலாளரை முதல் மாதத்திலேயே அழைத்து உட்காரவையுங்கள். தரவைச் சேர்த்து முடித்த பிறகு அவரிடம் போவது, வீட்டைக் கட்டி முடித்த பிறகு மண் பரிசோதனைக்குப் போவது போன்றது.

முதல் நான்கு வாரம்: கட்டுப் போடும் அறை

முதல் நான்கு வாரங்களுக்கு ஆய்வுக் கேள்வியைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று விதி வைத்துவிடுங்கள். அந்த வாரங்களில் பயிற்சியாளர்கள் காலையில் கட்டுப் போடும் அறையில் நிற்கட்டும். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே விரித்துப் பார்ப்பது, குதிகால் வெடிப்பின் ஆழத்தைக் கவனிப்பது, தடித்துப்போன தோலைச் செவிலியர் சீவி எடுக்கும்போது அதற்கு அடியில் கருஞ்சிவப்பாக உறைந்திருக்கும் இரத்தக் கசிவைக் காண்பது ஆகியவை புத்தகத்தில் வருவதில்லை. "வெறும் கால் ஆணிதான், நானே பிளேடால் சீவிக்கொள்வேன்" என்று சொல்லும் நோயாளி, அந்த அறையில் வாரத்துக்கு ஒருவராவது வருவார். அவருக்கு என்ன பதில் சொல்லப்படுகிறது என்பதையும், அந்தப் பதிலைக் கேட்டு அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் பயிற்சியாளர் பார்க்க வேண்டும்.

இந்த வாரங்களில் தரக்கூடிய ஒரே வீட்டுப்பாடம் ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும்தான். நோயாளியைத் தாளின்மேல் நிற்கவைத்துப் பாதத்தின் விளிம்பை வரைந்து, வரைபடத்தின்மேல் அவர் அணிந்துவந்த செருப்பை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுண்டுவிரல் செருப்புக்கு வெளியே நிற்பதும், கட்டைவிரல் வளையம் எலும்பு துருத்திய இடத்தில் சரியாகப் போய் அழுத்துவதும் அப்போது கண்ணுக்குத் தெரியும். பிறகு செருப்பைக் கையில் எடுத்து உட்புறம் முழுவதும் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆணி முனை, சிறு கல், மடிந்துபோன தோல் எதுவாவது அகப்படும்.

வலி இல்லாத பாதம் ஏன் புண்ணாகிறது என்பதை விளக்குவதற்கு நம் ஊரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1946-இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்களைப் பல ஆண்டுகள் கவனித்து, சதை நோயால் தானாக அழுகி விழுவதில்லை, உணர்விழந்த பாதம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தப்படுவதால்தான் உடைகிறது என்பதை நிறுவினார். அவருக்கு முன்பே 1930-களில் இலங்கையில் மில்ராய் பால், உணர்விழந்த பாதத்தின் புண்ணைப் பாரிஸ் சாந்துக் கட்டுப் போட்டு, நடக்கவிட்டே ஆற்றியிருந்தார். பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது இந்த அறிவு அவரோடு போய், நீரிழிவுப் பாதத்துக்கான சிகிச்சையாக உலகெங்கும் பரவியது. இன்று நாம் சாதாரணமாக எம்.சி.ஆர். செருப்பு என்று சொல்லும் நுண்ணறை ரப்பர் செருப்பும் தொழுநோய்ப் பணியிலிருந்து வந்ததே. இளம் ஆய்வாளர்களுக்கு இதைச் சொல்வது பெருமைக்காக அல்ல. செருப்பில் கல் ஏறினால் நீங்களும் நானும் இரண்டடி நடப்பதற்குள் நொண்டுவோம். அந்த நொண்டல்தான் பாதுகாப்பு. நொண்டத் தெரியாத பாதம் ஆயிரக்கணக்கான அடிகளை ஒரே புள்ளியில் வைக்கிறது, அந்தப் புள்ளி முதலில் சூடேறுகிறது, தோல் தடிக்கிறது, தடிப்புக்கு அடியில் கசிகிறது, பிறகு உடைகிறது. இந்த வரிசை மனத்தில் பதிந்துவிட்டால், பின்னால் வரும் ஒவ்வொரு கருவியும் எந்தக் கட்டத்தை அளக்கிறது என்பது தானாக விளங்கிவிடும்.

அளக்கக் கற்பித்தல்

அளவைகளில் மிக எளியதும் மிக எளிதாகத் தவறிப்போவதும், பாதத்தில் தொடு உணர்வு இருக்கிறதா என்று பார்க்கும் 10 கிராம் மோனோஃபிலமெண்ட் பரிசோதனைதான். அந்த நைலான் இழையை முதலில் நோயாளியின் கையில் தொட்டுக்காட்டி, உணர்வு எப்படி இருக்கும் என்று தெரியப்படுத்த வேண்டும். பிறகு அவர் பார்க்க முடியாதபடி, கட்டைவிரலின் அடிப்பகுதி, விரல்களுக்குப் பின்னால் உள்ள பாத நீளெலும்புகளில் (மெட்டாடார்சல்) முதலாவதின் தலைக்குக் கீழ், ஐந்தாவதின் தலைக்குக் கீழ் ஆகிய மூன்று இடங்களில் இழையைச் செங்குத்தாக வைத்து, அது வளையும்வரை அழுத்தி, எல்லாம் சேர்த்து இரண்டு வினாடிக்குள் எடுத்துவிட வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு முறை உண்மையாகத் தொட்டு, ஒருமுறை தொடாமலேயே கேட்க வேண்டும். மூன்றில் இரண்டு விடைகள் சரியாக இருந்தால் அந்த இடத்தில் பாதுகாப்பு உணர்வு இருக்கிறது என்று கொள்ளலாம். தடித்த தோலின்மேலும் தழும்பின்மேலும் புண்ணின்மேலும் வைக்கக் கூடாது.

தவறு நிகழ்வது கேள்வியில். "தொடுறேன், தெரியுதாம்மா?" என்று கேட்டால், எதிரே இருப்பவர் மரியாதைக்காகவாவது "தெரியுதுங்க" என்பார். "தொடும்போது சொல்லுங்கள், எந்தக் கால் என்றும் சொல்லுங்கள்" என்று கேட்கப் பழக்க வேண்டும். அதுவும் ஒரே தாளத்தில் கேட்கக் கூடாது, ஏனெனில் மூன்றாவது கேள்விக்குள் நோயாளி அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்வார். இன்னொரு குழப்பம் எரிச்சல் பற்றியது. இரவில் பாதம் எரிகிறது என்பவருக்கு உணர்வு நன்றாக இருக்கிறது என்று பயிற்சியாளர்கள் எண்ணிவிடுகிறார்கள். எரிச்சலும் உணர்விழப்பும் ஒரே பாதத்தில் சேர்ந்திருக்கும், நோயாளியும் "எரியுதே, அப்புறம் எப்படி மரத்துப்போயிருக்கும்?" என்றுதான் வாதிடுவார். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கட்டைவிரல் நுனியெலும்பின் மேல் வைத்து அதிர்வுணர்வையும் பார்த்துவிட்டால் இந்த வாதத்துக்கு விடை கிடைக்கும்.

இழைக்கும் ஆயுள் உண்டு. ஒரே நாளில் 10 முதல் 15 பேரைப் பரிசோதித்த இழைக்கு 24 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். 70 முதல் 90 பேருக்குப் பிறகு மாற்றிவிட வேண்டும் என்று பன்னாட்டு நீரிழிவுப் பாதப் பணிக்குழுவின் வழிகாட்டுதல் சொல்கிறது. நான் முன்பு பணியாற்றிய ஓர் இடத்தில் இரண்டு இழைகளை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டினோம். தளர்ந்த இழை குறைந்த விசையிலேயே வளைந்துவிடுவதால் உணர்வு உள்ளவர்களும் இல்லாதவர்களாகப் பதிவானார்கள். எண்ணிக்கை சந்தேகத்துக்கிடமாக ஏறியபோதுதான் கவனித்தோம், பலரை மறுபடி அழைக்க வேண்டியதாயிற்று. பேருந்துக்குக் காசு செலவழித்து இரண்டாம் முறை வந்த ஒரு பெரியவர் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது ஒவ்வோர் இழையின் பிடியிலும் தேதியும் கோடுகளும் இருக்கும். ஒருவரைப் பரிசோதித்தால் ஒரு கோடு.

இரண்டு பேர் ஒரே பாதத்தைப் பரிசோதித்தால் ஒரே விடை வர வேண்டும். அது வருகிறதா என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். எடுத்துக்காட்டாக, இரண்டு பயிற்சியாளர்கள் தனித்தனியாக 50 பேரைப் பரிசோதித்து, 15 பேரை இருவரும் உணர்விழந்தவர் என்றும், 27 பேரை இருவரும் உணர்வுள்ளவர் என்றும், மீதி 8 பேரில் மாறுபட்டும் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒத்துப்போனது 84 விழுக்காடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒருவர் 20 பேரையும் மற்றவர் 18 பேரையும் உணர்விழந்தவர் என்று குறித்திருந்தால், குருட்டாம்போக்கிலேயே 52.8 விழுக்காடு ஒத்துப்போயிருக்கும். அதைக் கழித்துக் கணக்கிட்டால் கப்பா மதிப்பு ஏறத்தாழ 0.66 மட்டுமே. நான் 0.8-ஐத் தொடும்வரை களத்துக்கு அனுப்புவதில்லை. மாறுபட்ட எட்டுப் பேரையும் இருவரும் சேர்ந்து மறுபடி பார்க்கும்போது யார் இழையைச் சாய்த்துப் பிடிக்கிறார் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இரத்த ஓட்டத்தைப் பொறுத்தவரை, பாதத்தில் நாடி கைக்குத் தட்டுப்படுகிறது என்பதோடு நிறுத்தக் கூடாது. கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் 0.9-க்குக் கீழ் இருந்தால் தமனி அடைப்பு இருப்பதாகக் கொள்ளலாம். ஆனால் நீண்டகால நீரிழிவில் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுவதால், அடைப்பு இருந்தும் விகிதம் இயல்பாகவோ 1.3-க்கு மேலாகவோ காட்டும். அத்தகையவர்களுக்குக் கால்விரல் அழுத்தத்தையும் இரத்த ஓட்டத்தை ஒலியலையால் காட்டும் டாப்ளர் கருவியின் அலை வடிவத்தையும் பார்க்கும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே ஏற்படுத்துங்கள்.

இந்த அளவைகள் எல்லாம் சேர்ந்து நோயாளியை நான்கு இடர்நிலைகளில் ஒன்றில் வைக்கும். உணர்விழப்பும் அடைப்பும் இல்லாதவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் போதும். இரண்டில் ஒன்று இருந்தால் ஆறு முதல் பன்னிரண்டு மாதம். இரண்டும் இருந்தாலோ, ஒன்றோடு பாத உருக்குலைவும் சேர்ந்தாலோ மூன்று முதல் ஆறு மாதம். உணர்விழப்போ அடைப்போ உள்ளவர் முன்பு புண் கண்டவராக, விரலோ காலோ இழந்தவராக, அல்லது சிறுநீரகம் செயலிழந்தவராக இருந்தால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மறுபடி பார்த்தாக வேண்டும். தனிநபருக்கேற்ற பராமரிப்பின் முதல் படி இந்த வகைப்பாடுதான். பலர் இதையே கடைசிப் படியாகவும் வைத்துக்கொள்கிறார்கள் என்பது என் மனத்தாங்கல்.

வீட்டுக்குப் போதல்

ஒரே இடர்நிலையில் இருக்கும் இரண்டு பேரின் நாள் ஒன்றாக இருப்பதில்லை. நெதர்லாந்தில் அதிக இடர்நிலையில் உள்ள 107 பேரின் சிறப்புக் காலணிக்குள் உணரி வைத்து அளந்து, 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு நல்ல பாடம். அவர்கள் வெளியில் நடந்த அடிகளில் 87 விழுக்காட்டைக் காலணியோடு நடந்தார்கள். வீட்டுக்குள் நடந்தவற்றில் 61 விழுக்காடுதான். அதிகம் நடந்ததும் வீட்டுக்குள்தான். வீட்டுக்குள் காலணி அணிவதற்குப் பெரிய தடை இல்லாத ஊரிலேயே இப்படியென்றால், செருப்போடு நடைக்குள் கால் வைத்தால் பாட்டி அதட்டும் ஊரில் என்ன நிலை என்பதை ஒவ்வொரு பயிற்சியாளரும் நேரில் போய்த்தான் அறிய வேண்டும். அதே ஆண்டில் வெளியான இன்னொரு நெதர்லாந்து ஆய்வில், அழுத்தம் நன்றாகக் குறையும்படி திருத்திய காலணி ஒட்டுமொத்தக் குழுவில் புண் திரும்புவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. ஆனால் பத்தில் எட்டு அடிகளையாவது காலணியோடு வைத்தவர்களிடையே, திருத்திய காலணி அணிந்தவர்களில் 26 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 48 விழுக்காட்டினருக்கும் புண் திரும்பியது. காலணி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, அது காலில் இருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போகும் பயிற்சியாளருக்குக் கேள்வித்தாளைக் கொடுத்து அனுப்பாதீர்கள். 24 கட்டங்கள் போட்ட ஒரு நீளமான காகிதப் பட்டையைக் கொடுங்கள். நோயாளி எழும் நேரத்திலிருந்து உறங்கும் நேரம்வரை, செருப்போடு இருக்கும் மணிகளை ஒரு நிறத்திலும் வெறுங்காலோடு நிற்கும் மணிகளை இன்னொரு நிறத்திலும் உட்கார்ந்திருக்கும் மணிகளை மூன்றாவது நிறத்திலும் அவரோடு சேர்ந்து தீட்ட வேண்டும். குறைந்தது நான்கு மணி நேரம் கூட இருந்து பார்க்க வேண்டும். சொல்வதும் செய்வதும் வேறுபடும் இடங்கள் அப்போதுதான் தெரியும். குளியலறைத் தரை, கொல்லைப்புறம், மாடிப்படி, படுக்கும் இடம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தரையில் படுப்பவரின் மரத்துப்போன விரலை இரவில் எலி கடித்து, காலையில் இரத்தத்தைப் பார்த்த பிறகே தெரிந்துகொண்ட நோயாளிகள் நம் மருத்துவமனைகளுக்குப் புதியவர்கள் அல்லர். வெந்நீர் ஒத்தடம், வண்டியின் சைலன்சர், சித்திரை வெயிலில் கோயில் கருங்கல் தளம் ஆகியவற்றால் வரும் தீக்காயமும் அப்படித்தான்.

பல வீடுகளில் கண்டவற்றைச் சேர்த்து ஒரு மாதிரி நோயாளியைச் சொல்கிறேன். வீட்டின் முன்பக்கத்தில் இட்லிக் கடை நடத்தும் 56 வயது அம்மா. வலது கட்டைவிரலின் அடியில் இருந்த புண் ஆறி ஐந்து மாதம் ஆகிறது. மருத்துவமனையில் கொடுத்த எம்.சி.ஆர். செருப்பை அணிந்துதான் ஒவ்வொரு முறையும் வருகிறார். செருப்பைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பாகம் நேற்று வாங்கியதுபோல இருக்கிறது. பயிற்சியாளர் குறிப்பேட்டில் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதிவிட்டு வந்தார். மறுவாரம் அவரையே விடிகாலை நான்கரை மணிக்கு அந்த வீட்டுக்கு அனுப்பினேன். அடுப்படியில் செருப்பு ஆகாது என்பதால் அந்த அம்மா சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு ஒன்பதரை மணிவரை நிற்கிறார். மாவுப் பானைக்கும் அடுப்புக்கும் இடையே திரும்பும்போதெல்லாம் வலது கட்டைவிரலை ஊன்றித்தான் திரும்புகிறார். அவருக்குச் செருப்பின் மேல் வெறுப்பு எதுவுமில்லை. தெருவில் போட்ட செருப்பை அடுப்பங்கரைக்குள் கொண்டுவருவதுதான் அவரால் முடியாத காரியம்.

எனவே எழுதப்பட்ட திட்டம் இப்படி அமைந்தது. அதே அளவில், வேறு நிறத்தில், பின்பட்டை வைத்த இரண்டாவது செருப்பு. அது வாசலைத் தாண்டாது, அடுப்படியிலேயே இருக்கும், வாரம் இருமுறை கழுவப்படும். மாவுப் பானையை அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்திவைத்து, திரும்பும் தேவையைக் குறைப்பது. பூசையறையில் வெறுங்காலோடு இருப்பதை மாற்றச் சொல்லவில்லை. பத்து நிமிடம் உட்கார்ந்துதான் இருக்கிறார், அதில் பாதத்துக்கு இழப்பில்லை. காலில் வீக்கம் வரும் நாள்களில் மெட்டி விரலை இறுக்குவதைக் காட்டினோம். கழற்றச் சொன்னால் அவர் மறுபடி வரமாட்டார் என்பதால், அளவைப் பெரிதாக்கித் தர முடியுமா என்று ஆசாரியிடம் கேட்கலாம் என்ற யோசனையை மகள் வழியாக முன்வைத்தோம். வீட்டுக்குள் அணிவதற்கென்று தனிக் காலணி கொடுத்தால் அணியும் நேரம் கூடுகிறது என்பதை நெதர்லாந்து ஆய்வாளர்களும் பின்னர் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் பல ஆண்டுக் கணக்கெடுப்பால் வந்தடைந்த இடத்துக்கு, பயிற்சியாளர் அன்று விடிகாலையில் ஓர் அடுப்படியில் நின்று வந்து சேர்ந்தார். குறிப்பேட்டில் எழுதிய வரியை அவரே அடித்தார்.

தனிப் பராமரிப்பை ஆய்வாக மாற்றுதல்

இங்குதான் மாணவர்கள் திணறுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றைச் செய்தால் எதை எதோடு ஒப்பிடுவது? தீர்வுகள் வேறுபடலாம், தீர்வைத் தேர்ந்தெடுக்கும் விதி வேறுபடக் கூடாது. "வெறுங்காலோடு நிற்பது நாளுக்கு இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் வீட்டுச் செருப்பு, காலணிக்குள் உச்ச அழுத்தம் 200 கிலோபாஸ்கலைத் தாண்டினால் உள்தளத்தைத் திருத்தி மறுபடி அளப்பது, தடித்த தோல் இருந்தால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை சீவுவது" என்று விதிகளை முன்கூட்டியே எழுதி வைத்தால், ஆய்வில் சோதிக்கப்படுவது அந்த விதித்தொகுப்பாகிவிடும். இரண்டு மணி, நான்கு வாரம் என்ற எல்லைகள் உங்கள் குழு விவாதித்து முடிவு செய்ய வேண்டியவை. 200 கிலோபாஸ்கல் என்பது வழிகாட்டுதல்களில் உள்ள இலக்கு. ஒரே நோயாளியின் குறிப்பை இரண்டு பயிற்சியாளர்களிடம் கொடுத்து, விதிப்படி ஒரே திட்டம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் விதி தெளிவாக இல்லை.

வெப்பநிலைக் கண்காணிப்பும் ஒரு விதிதான். இரு பாதங்களின் ஒத்த புள்ளிகளுக்கிடையே 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேறுபாடு இரண்டு நாள் தொடர்ந்தால் நடையைக் குறைத்துக்கொண்டு மருத்துவரை அணுக வேண்டும் என்ற முறையை, அமெரிக்காவில் 2004-இலும் 2007-இலும் வெளியான ஆய்வுகள் நிலைநிறுத்தின. 304 பேரைக் கொண்ட பிந்தைய நெதர்லாந்து ஆய்வு ஒன்று, சூடான புள்ளியைக் கண்டவுடன் நடையைக் குறைத்தவர்களுக்கே இந்த முறை பலன் தந்தது என்று காட்டியது. ஆகவே உங்கள் ஆய்வில் வெப்பமானியைக் கொடுத்துவிட்டு அளவுகளை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். நாள்கூலிக்குப் போகிறவர் எப்படி நடையைக் குறைப்பார், அந்த நாளின் கூலிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை முன்மொழிவிலேயே எழுதி, அதற்கு நிதி ஒதுக்குங்கள். பாதத்தைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் ஓய்வெடுத்த பிறகு அளப்பது, ஒரு பாதம் இழந்தவருக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது என்பது போன்றவற்றைச் செயல்முறைத் தாளில் சேர்த்துவிடலாம்.

எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கைப் பயிற்சியாளர்களே கையால் போடட்டும். வழக்கமான பராமரிப்பில் ஓராண்டில் 40 விழுக்காட்டினருக்குப் புண் திரும்புகிறது, நம் முறையால் அது 20 விழுக்காடாகக் குறையும் என்று எதிர்பார்த்தால், வழக்கமான 80 விழுக்காட்டுத் திறனுக்கு (வேறுபாடு உண்மையாகவே இருந்தால் ஆய்வு அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ 82 பேர் போதும். 30 விழுக்காடாகத்தான் குறையும் என்று அடக்கமாக எதிர்பார்த்தால் 356 பேர் தேவை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த மாணவர், நிதி கிடைக்கும் அளவுக்கு நம்பிக்கையை ஊதிப் பெருக்குவது எப்படி நடக்கிறது என்பதையும் புரிந்துகொள்வார். ஒருவரின் இரண்டு பாதங்களை இரண்டு நோயாளிகளாக எண்ணிவிடும் தவறையும் இங்கேயே திருத்திவிடுங்கள். ஒரே உடலின் இரண்டு பாதங்கள் ஒரே சர்க்கரையையும் ஒரே பழக்கத்தையும் பகிர்ந்துகொள்கின்றன.

புண் என்றால் என்ன என்பதற்கும் வரையறை வேண்டும். மேல்தோலோடு உட்தோலின் ஒரு பகுதியும் உடைந்திருந்தால்தான் புண். கொப்புளமும் வெடிப்பும் முன்னறிகுறிகளாகத் தனியே பதியப்பட வேண்டும். புகைப்படத்தைப் பார்த்து முடிவு செய்பவருக்கு, அந்தப் பாதம் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பது தெரியக் கூடாது. உள்தளத்தில் வைத்த உணரி, காகிதப் பட்டை, நோயாளியின் வாய்மொழி ஆகிய மூன்றும் மாறுபட்டால் எதை ஏற்பது என்பதை ஆய்வின் தொடக்கத்திலேயே எழுதி வைக்காவிட்டால், முடிவு சாதகமாக வரும் அளவை கடைசியில் தானாகவே வென்றுவிடும்.

ஒப்புதலும் கடமையும்

நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியும், மருத்துவச் சோதனையாக இருந்தால் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவும் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அவ்வளவாகக் கவனிக்கப்படாதது ஒப்புதல் படிவத்தின் தமிழ். "புற நரம்பியல் நோய்நிலை" என்று எழுதிய படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் எதற்கு ஒப்புக்கொண்டார் என்பது அவருக்கே தெரியாது. "கால் மரத்துப்போவது" என்று எழுதுங்கள். எழுதியதை ஆய்வில் சேராத ஒருவரிடம் வாசித்துக்காட்டி, அவர் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கைநாட்டு வைப்பவருக்கு, ஆய்வுக்குழுவைச் சேராத சாட்சி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்குள் எடுக்கும் படத்தில் பாதத்தைத் தவிர வேறெதுவும் விழக் கூடாது.

வீட்டுக்குப் போன இடத்தில் சிவந்து வீங்கிய பாதத்தையோ, நாற்றமடிக்கும் புண்ணையோ, கறுத்த விரலையோ கண்டால் ஆய்வு அந்த நிமிடமே நின்றுவிடும். பயிற்சியாளர் அன்றே நோயாளியை மருத்துவமனைக்குக் கூட்டிவர வேண்டும். காயமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாக வீங்கியிருந்தால், உணர்விழந்த பாதத்தின் எலும்பும் மூட்டும் சிதையும் சார்க்காட் பாதமாக இருக்கலாம், சுளுக்கு என்று எண்ணிவிடக் கூடாது. உடனே அந்தக் காலில் எடை ஊன்றுவதை நிறுத்த வேண்டும். அந்தப் பகுதியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர் வீடு வீடாக மாத்திரை கொடுக்கப் போகிறவராக இருந்தால், அவருக்கும் இந்த அறிகுறிகளைக் கற்றுக்கொடுங்கள். உங்கள் ஆய்வு முடிந்த பிறகும் அந்தப் படிகளை ஏறுகிறவர் அவர்தான்.

இறுதித் தேர்வு

ஆண்டின் கடைசி மாதத்தில் எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள். ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் இதுவரை பார்த்திராத ஒரு நோயாளியையும் இரண்டு நாள்களையும் கொடுங்கள். பரிசோதனை, வீட்டுப் பார்வை, காகிதப் பட்டை, விதிப்படியான திட்டம் எல்லாம் சேர்ந்து ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். அந்தப் பக்கத்தை நோயாளியின் வீட்டில் உள்ள ஒருவர் வாசித்துப் புரிந்துகொள்ள முடிய வேண்டும். ஆறு வாரம் கழித்து, திட்டத்தை எழுதாத இன்னொரு பயிற்சியாளர் அந்த வீட்டுக்கு முன்னறிவிப்போடு, ஆனால் காரணம் சொல்லாமல் போவார். அவர் நோயாளியிடம் கேள்வி எதுவும் கேட்கத் தேவையில்லை. வீட்டுச் செருப்பைத் திருப்பிவைத்து, அடிப்பாகம் எந்த இடத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தால் போதும். நான் மதிப்பெண் போடுவது அந்தப் படத்தைப் பார்த்துத்தான்.